கம்பஹாவா, அவிசாவளையா, பேராதனையா? கொழும்பிலிருந்து குடும்பத்தோடு ஒரு நாள்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் ஒரே கேள்வி நாலு பக்கத்திலிருந்தும் வரும். பிள்ளைகளை மரம், புல், தண்ணீர் உள்ள ஒரு இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும், காலையில் போய் இரவுக்குள் வந்துவிட வேண்டும், எங்கே போகலாம்? இந்த முறை கேட்டது என் மச்சாள். மாமியின் தங்கச்சி குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது. எல்லாரையும் சேர்த்துப் பத்துப் பேர். அதில் மூத்தவர் மாமி, வயது 76, இரண்டு முழங்காலும் சொல்வழி கேட்காது. கடைசி ஆள் மூன்று வயது.

"அண்ணி, பேராதனைக்கே போயிருவமா? வந்தவங்க படம் எடுக்கணும்னு நிக்கிறாங்க" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. பேராதனைக்கு ஒரே நாளில் போய் வந்து பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய மூன்று தாவரவியல் பூங்காக்களுக்கும் குடும்பத்தோடு போயிருக்கிறேன், சிலவற்றுக்குப் பல தடவை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தெரிவது

எல்லாரும் "எது வடிவு?" என்றுதான் தொடங்குகிறார்கள். மூன்றும் வடிவுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வண்டிக்குள் இருக்கும் நேரம். என் கணக்கு எளிது: போகவும் வரவும் ஆகும் மொத்த நேரம், பூங்காவுக்குள் நிற்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது சுற்றுலாவாக இருக்காது, போக்குவரத்தாகிவிடும். அதிலும் திரும்பி வரும் நேரத்தைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு வெறிச்சோடிக் கிடக்கும் கண்டி றோட்டும், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இருக்கும் அதே கண்டி றோட்டும் ஒரே றோட்டல்ல.

அடுத்தது, கூட்டத்தில் யார் முதலில் களைப்பார் என்பது. மூன்று வயதுக்காரனின் மூத்திரமும் எழுபத்தாறு வயதுக்காரியின் முழங்காலும்தான் அன்றைய நாளின் உண்மையான எசமான்கள். நடக்கும் தூரம், ஏற்ற இறக்கம், கழிவறை எங்கே, உட்கார இருக்கை உண்டா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

பிறகு மழை. கொழும்புக்குக் கிழக்கே போகப் போக மழை கூடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. கொழும்பில் வெயில் அடிக்கிறதென்று குடையை வீட்டில் வைத்துவிட்டு அவிசாவளைக்குப் போகிறவர் புதிதாக இந்த ஊருக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டையும் காசையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். காசில் நுழைவுச்சீட்டு மிகச் சின்னப் பங்கு. பெரிய செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

| | கம்பஹா (ஹெனரத்கொட) | அவிசாவளை (சீதாவக்கை) | பேராதனை |
|---|---|---|---|
| வெள்ளவத்தையிலிருந்து | 35–40 கி.மீ. | 50–60 கி.மீ. | ஏறத்தாழ 115 கி.மீ. |
| சனி காலை, ஒரு வழி | ஒன்றேகால் – ஒன்றரை மணி | சுமார் 2 மணி | மூன்றரை – 4 மணி |
| தொடங்கிய ஆண்டு | 1876 | 2014 | 1821 |
| நடை | சமதரை, குறைவு | மேடு பள்ளம் | பெரும்பாலும் சமதரை, ஆனால் நீளம் |
| நிழல் | நிறைய | இடத்துக்கு இடம் | நிறைய |
| கோச்சி (ரயில்) | வசதி | மெதுவு | நல்லது, முன்பதிவு வேண்டும் |
| பயப்பட வேண்டியது | விடுமுறை நாள் சனம் | மழையும் அட்டையும் | திரும்பும் வழி |

## கம்பஹா: பக்கத்தில் இருப்பதாலேயே மதிக்கப்படாத தோட்டம்

சிங்களத்தில் எல்லாரும் "கம்பஹா மல்வத்த", அதாவது கம்பஹாப் பூந்தோட்டம், என்பார்கள். கம்பஹா ஸ்டேஷனுக்கே முன்பு ஹெனரத்கொட என்றுதான் பெயர். அந்தப் பழைய பெயர் இப்போது தோட்டத்தில்தான் மிச்சம்.

இந்தத் தோட்டம் உண்டானதே ஒரே ஒரு மரத்துக்காக. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலில் ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளைச் சேர்த்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பங்கைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அவற்றை நட்டு வளர்க்கத் தாழ்நிலத்தில், வெப்பமும் ஈரமும் உள்ள இடம் வேண்டியிருந்தது. பேராதனை அதற்குக் குளிர். அப்படித்தான் கம்பஹாவில் இந்தத் தோட்டம் வந்தது. ஆசியாவில் றப்பர் முதலில் வேர் பிடித்த மண் என்று இதைச் சொல்வது அதனால்தான். களுத்துறை, கேகாலை, அவிசாவளைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களுக்கும், அங்கே விடியுமுன் பால்வெட்டப் போன எங்கள் சனத்துக்கும் கதை இங்கேதான் தொடங்குகிறது. மாமி பிறந்து வளர்ந்தது யட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில். அதனால் என் வீட்டில் இந்த வரலாற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவோம். பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். பரவாயில்லை.

போவது எளிது. வாகனமென்றால் கட்டுநாயக்க ஹைவேயில் ஏறி ஜா-எலவில் இறங்கி உள்ளே போகலாம். ஆனால் நான் சொல்வது கோச்சி. கோட்டையிலிருந்து மெயின் லைனில் கம்பஹாவுக்கு அடிக்கடி ஓடும். இறங்கினால் த்ரீவீலில் சில நிமிடம். பத்துப் பேரென்றால் நாலு த்ரீவீல் பிடிக்க வேண்டும், அதையும் கணக்கில் போடுங்கள். அப்படியும் வேன் ஹயரோடு பார்த்தால் காசு எங்கேயோ இருக்கும். இன்னொன்று, பிள்ளைகளுக்குக் கோச்சியே பாதிச் சுற்றுலா. ராகமையில் தள்ளுமுள்ளில் ஏறும் கடலைக்காரரிடம் கடதாசிச் சுருளில் கடலை வாங்கித் தின்றதைத்தான் என் மகன் பள்ளிக்கூடக் கட்டுரையில் முதல் பந்தியாக எழுதினான். தோட்டம் மூன்றாம் பந்தியில் வந்தது.

உள்ளே சமதரை. பெரிய பெரிய மரங்கள், அகலமான புல்வெளி, பாய் விரித்து உட்காரத் தாராளமாக நிழல். மாமி போன்றவர்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றி வரலாம். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணில் படும் தூரத்திலேயே இருப்பார். பெரிய தோட்டத்தில் இது முடியாது. ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஒரு மணிக்கு எல்லாம் பார்த்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. "இவ்வளவுதானா?" என்று முகத்தைத் தூக்கும். பக்கத்தில் அத்தனகலு ஓயா ஓடுவதால் கடும் மழைக் காலத்தில் கம்பஹா வெள்ளத்தில் மாட்டும், அந்த நாட்களில் போகவே வேண்டாம். போயா விடுமுறையில் சனம் கூடும். இன்னொரு விஷயமும் சொல்லத்தான் வேண்டும்: சோடிகள். ஒவ்வொரு மரத்தடியிலும் விரித்த குடை ஒன்று, குடைக்குக் கீழே நாலு கால். எங்கள் பக்கத்து வீட்டு அம்மம்மா முதல் தடவை வந்தபோது, "வெயிலே இல்லையே, ஏன் இந்தப் பிள்ளையள் குடை பிடிக்குதுகள்?" என்று உண்மையாகவே கேட்டார். ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. வாசலிலிருந்து உள்ளே தள்ளிப் போகப் போகக் குடைகள் கூடும். குடும்பங்கள் வாசல் பக்கத்துப் புல்வெளியிலேயே தங்கிவிடுவது வழக்கம்.

## அவிசாவளை: எனக்குப் பிடித்தது, எல்லாருக்கும் சொல்ல மாட்டேன்

சீதாவக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்கா இலுக்கோவிட்ட என்ற கிராமத்தில் இருக்கிறது. 2014இல் திறந்தார்கள். நூறு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சிங்கராஜக் காடு போன்ற ஈரவலயக் காடுகளின் செடிகொடிகளைக் காப்பாற்றி வைப்பதுதான் நோக்கம். மூன்றிலும் "நாட்டுப்புறம்" என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருந்துவது இதுதான். கொஸ்கமையைத் தாண்டியதும் றோட்டோரம் றப்பர் மரம், அதன் பின்னால் குன்று, குன்றின் மேல் முகில். கொழும்பு முதுகுக்குப் பின்னால் விழுந்துவிட்டது என்று உடம்புக்கே தெரியும்.

பூங்கா புதிது. அதனால் பாதைகள் துப்புரவு, சனம் குறைவு, குளத்தைச் சுற்றி அமைதி. ஆனால் மரங்களும் இளசு. கம்பஹாவிலோ பேராதனையிலோ நூறு வருட மரம் தரும் நிழல் இங்கே எல்லா இடத்திலும் கிடையாது. பதினொரு மணிக்குப் பிறகு திறந்தவெளியில் நடந்தால் அவியும். தரையும் மேடு பள்ளம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து ஏற்றத்தில் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு ஏற்றம் என்று தெரியும்.

இனி மழைக்கு வருகிறேன். நாங்கள் போன நாள் காலை ஒரு சொட்டு முகில் இல்லை. ஒன்றரைக்குக் குன்றுப் பக்கம் கறுத்தது, ஒன்று ஐம்பதுக்குக் கொட்டியது. ஒதுங்கிய கூரைக்கு ஓடும் வழியில் புல்லுக்குள் கால் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஹங்வெல்லைக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் காலை நீட்டினார். வெள்ளைக் காலுறையின் கணுக்கால் பக்கம் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சிவப்பு. காலுறையைக் கழற்றினால் குண்டாகக் குடித்துவிட்டு ஒரு அட்டை உருண்டு கீழே விழுந்தது. வேனுக்குள் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் டிரைவர் ஏதோ விபத்தென்று பிரேக் அடித்துவிட்டார். வலி ஒன்றும் இல்லை, இரத்தம் மட்டும் நிற்க நேரமெடுக்கும். போகுமுன் கணுக்காலில் சித்தாலேபத் தைலமோ காய்ந்த சவர்க்காரமோ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம், உப்பு போட்டால் விட்டுவிடும்.

போக்குவரத்தில் ஒரு பொறி இருக்கிறது. களனிவெளிப் பாதையில் கோச்சி அவிசாவளை வரை போகிறதே என்று நினைப்பீர்கள். போகிறது. ஒரு காலத்தில் சின்னப் பாதையாக இருந்து பிறகு அகலப்படுத்தியது அது. நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம, ஹோமாகம, பாதுக்கை என்று வீட்டுக் கொல்லைகளுக்குள்ளால் வளைந்து வளைந்து போகும். கொடியில் காயும் சட்டையைக் கை நீட்டித் தொடலாம் போலிருக்கும். அவ்வளவு அழகு, அவ்வளவு மெதுவு. அலுவலகக்காரர்களுக்காக ஓடும் பாதை என்பதால் நேர அட்டவணையும் அவர்களுக்கு ஏற்றபடிதான்: காலையில் கொழும்புக்குள், மாலையில் வெளியே. நீங்கள் போவது எதிர்த்திசை. வாகனம் இல்லாதவர்களுக்கு ஹைலெவல் றோட்டில் போகும் 122 பஸ் நல்லது. வெள்ளவத்தைக்காரர் கிருலப்பனைச் சந்தியில் பிடிக்கலாம். டவுனிலிருந்து பூங்காவுக்கு த்ரீவீல். திரும்பி வரவும் அந்த த்ரீவீல்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பூங்கா வாசலில் எப்போதும் ஆள் நிற்காது.

சாப்பாடு எங்கள் வீட்டுப் பிரச்சினை. வெள்ளிக்கிழமையில் மாமி மரக்கறிதான். வழியில் ஒரு சோற்றுக் கடையில் மரக்கறிச் சோறு கேட்டோம், கொடுத்தார்கள். பருப்பு, பொலஸ், கங்குன் சுண்டல், தேங்காய்ச் சம்பல். மாமி சம்பலை ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். மாசிக் கருவாடு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. சம்பலில் மாசி போடாவிட்டால் அது சம்பலா என்பது அவர்கள் வழக்கம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முழு மரக்கறி ஆட்கள் இருந்தால், மூன்று இடத்துக்கும் வீட்டிலிருந்தே பார்சல் கட்டுவது நிம்மதி. புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், கட்லட் எல்லாம் மதியம் வரை கெடாது.

அவிசாவளைக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சீதாவக்கை இராச்சியத்தின் தலைநகர் இது. டவுனுக்குப் பக்கத்தில் சீதாவக்கை ஆற்றின் கரையில் பேரண்டி கோவிலின் இடிபாடு இருக்கிறது. பைரவ ஆண்டி என்பது மருவி வந்த பெயர் என்பார்கள். போர்த்துக்கேயரோடு மோதிய முதலாம் இராஜசிங்கன் சைவத்துக்கு மாறிய பிறகு எழுப்பத் தொடங்கி, முடியாமல் நின்றுபோன சிவன் கோவில் என்பது வழக்கு. அவன் இறந்தது 1593இல். கல்லில் செதுக்கிய அடித்தளம் மட்டும் இருக்கிறது, பூசை கிடையாது. பார்க்க அரை மணி போதும். பெரியவர்களுக்கு அந்த அரை மணி பூங்காவில் நிற்கும் மூன்று மணி நேரத்தைவிடப் பெறுமதியாக இருந்தாலும் இருக்கும்.

## பேராதனை: அரசனைப் பார்க்க அரை நாள் போதாது

பேராதனையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. பனை வகை மரங்கள் நெட்டுக்கு நிற்கும் சாலை, ஓர்கிட் வீடு, கிளை பரப்பி ஒரு புல்வெளியையே மூடிக்கொண்டு நிற்கும் ஜாவா அத்தி, மரம் நிறையப் பழந்தின்னி வௌவால், 1901இல் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனானவரும் அவர் மனைவியும் நட்ட நாகலிங்க மரம். மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. சரி.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வேனில் போனால் அதிகாலை ஐந்துக்குப் புறப்பட வேண்டும். பஸ்யாலைக்கு அங்கால் கஜுகமவில் கஜு வாங்க ஒரு நிறுத்தம், கழிவறைக்கு ஒரு நிறுத்தம், காலைச் சாப்பாட்டுக்கு ஒன்று. மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவ ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கும்போது பின் சீட்டில் யாராவது ஒரு பிள்ளை மௌனமாகிவிடும். பிள்ளை மௌனமானால் பையை எடுத்துக் கையில் கொடுங்கள், கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நான் கேட்டேன். பதில் என் சேலையில் விழுந்தது.

ஒன்பதரை, பத்துக்கு வாசல். மூன்று மணிக்குப் பிறகு நின்றால் திரும்பும் வழி நரகம். ஆக உள்ளே ஐந்து மணி நேரம், அதில் சாப்பாட்டுக்கு ஒன்று. 147 ஏக்கரில் நாலு மணி நேரத்தில் பார்ப்பது வாசலிலிருந்து ஓர்கிட் வீடும் பெரிய அத்தியும்தான், அதற்குள் மாமி மாதிரி ஒருவர் "நான் இங்கயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். சின்னப் பற்றரி வண்டிகள் ஓடுகின்றன, விடுமுறை நாளில் அதற்கும் வரிசை. குரங்குகளுக்கு உங்கள் பார்சலில் என்ன இருக்கிறதென்று உங்களைவிட முன்பே தெரியும்.

நாங்கள் போனது ஒரு நீண்ட வார இறுதி. திரும்பும்போது கேகாலையில் நின்றோம், வரக்காப்பொலையில் நின்றோம், நிட்டம்புவையில் நின்றே போய்விட்டோம். வீட்டுக் கதவைத் திறந்தபோது இரவு பதினொன்று பத்து. மறுநாள் பிள்ளைகளிடம் "என்ன பார்த்தீங்கள்?" என்று கேட்டேன். "லைட் நிறையப் பார்த்தோம், எல்லாம் சிவப்பு" என்றாள் மகள்.

இதையே கோச்சியில் செய்தால் கதை வேறு. காலை ஏழு மணியளவில் கோட்டையிலிருந்து கண்டி இன்டர்சிட்டி. இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. போகும்போது வலது பக்க சீட் எடுங்கள். ரம்புக்கனையைத் தாண்டிக் கோச்சி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கியதும், பலனைப் பக்கம் அந்த ஜன்னலுக்கு வெளியே நிலம் சட்டென்று இல்லாமல் போகும். 1867இலிருந்து ஓடும் பாதை, இன்னும் அலுக்கவில்லை. பேராதனைச் சந்தியில் இறங்க முடிந்தால் தோட்டம் கிட்ட. இருக்கைகளை ஒரு மாதம் முன்பிருந்தே பதியத் தொடங்குவார்கள், நீண்ட விடுமுறைக்குரியவை அன்றே போய்விடும். மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் மண் சரியும், பாதையை மூடுவார்கள். முதல் நாள் மாலை ஸ்டேஷனுக்குக் கோல் எடுத்துக் கேட்டுவிட்டே தூங்கப் போங்கள்.

## யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள்

வேன் ஹயர் பேசும்போது கிலோமீட்டர் காசு மட்டும்தான் பேசுவார்கள். மூன்றைக் கேளுங்கள். மீற்றர் எங்கிருந்து ஓடும், உங்கள் வாசலிலிருந்தா, வாகனம் நிற்கும் கராஜிலிருந்தா? காத்திருக்கும் மணி நேரத்துக்குத் தனியாக உண்டா? இரவு எத்தனை மணிக்கு மேல் கூடுதல்? ஒரு முறை நாங்கள் பேசிய வேன் கடவத்தையிலிருந்து வந்தது. கம்பஹாவுக்குப் போக வெள்ளவத்தைக்கு வந்து எங்களை ஏற்றி, திரும்பக் கடவத்தையைத் தாண்டிப் போனோம். அந்த வெறும் ஓட்டத்துக்கும் காசு கட்டினோம். டிரைவரின் சாப்பாடும் உங்கள் கணக்கில்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹைவே கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் வேறு.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூட இருந்தால் கவனம். இந்தப் பூங்காக்களில் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. தமிழ் பேசினால் போதாது, அடையாள அட்டை கேட்பார்கள். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துவிட்டு வராதீர்கள். கவுண்டரில் நின்று "நான் மானிப்பாயிலதான் பிறந்தனான்" என்று வாதாடிய ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். பிறந்ததை யாரும் மறுக்கவில்லை, சீட்டு மட்டும் வெளிநாட்டு விலைக்குத்தான் கிழிந்தது.

## அரை நாள்தான் கிடைக்கிறதென்றால்

ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பாராளுமன்றத்துக்குக் கிட்டப் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கிறது. நாட்டுப்புறம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் மரப்பலகை நடைபாதையில் காலை ஏழு மணிக்கு நின்றால் கொக்கும் நீர்க்காகமும் தவிர வேறு சத்தம் இல்லை. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பை 2018இல் ஈரநில நகரமாக அறிவித்ததற்கு இப்படியான இடங்கள்தான் காரணம். பறவை பார்க்கும் பிள்ளைக்கு மற்ற மூன்றையும்விட இது நல்லது. பந்து விளையாடும் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம்.

அளுத்கமைப் பக்கம் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கணவன் மனைவி இருவராகப் போய் வாருங்கள், அருமையான இடம். மூலைக்கு மூலை உடுப்பில்லாச் சிலைகள். மாமியோடும் பன்னிரண்டு வயதுப் பையனோடும் சேர்ந்து நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

## யாருக்கு எது

கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும் கம்பஹா. வாகனம் இல்லாதவர்களுக்கும் அதுதான். செலவும் அதில்தான் குறைவு, நாள் பிழைத்துப்போனாலும் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கலாம்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட, ஓடியாடும் பிள்ளைகள், சொந்த வாகனம், சனக் கூட்டம் பிடிக்காத பெற்றோர் என்றால் அவிசாவளை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை போங்கள். ஆகஸ்டில் போவதானால் பன்னிரண்டு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

பேராதனைக்கு ஒரே நாளில் போவதென்றால் கோச்சியில், பதிந்த இருக்கையில், வார நாளில். வேனில் போவதானால் கண்டியில் ஒரு இரவு தங்குங்கள். தங்கக் காசில்லை, லீவு இல்லை என்றால் இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் போங்கள். தோட்டம் இருநூறு வருடமாக அங்கேதான் நிற்கிறது.

மச்சாள் கொஞ்சம் முகம் சுருக்கினாள். கனடாவிலிருந்து வந்தவர்களைக் கம்பஹாவுக்கா கூட்டிப் போவது என்று அவளுக்குக் கௌரவப் பிரச்சினை. பிறகு ஒத்துக்கொண்டாள். ஒரு புதன்கிழமை, கோச்சியில், பத்துப் பேர், நாலு த்ரீவீல்.

றப்பர் காய் வெடிக்கும் காலம் அது. மரத்தடியில் பழுப்புப் புள்ளி போட்ட கொட்டைகள் மினுமினுவென்று கிடந்தன. மாமி குனிய முடியாமல் கைத்தடியால் ஒன்றைக் காட்டினார், தங்கச்சி எடுத்துக் கொடுத்தார். கனடாவில் பிறந்த பேரன் டொலர் விலையில் சீட்டெடுத்து உள்ளே வந்த கோபத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமி கொட்டையைச் சீமெந்துக் கட்டில் வைத்துச் சரசரவென்று தேய்த்தார், பத்துப் பதினைந்து தரம்.

"இந்தாடா, கையக் காட்டு."

அவன் காட்டினான். வைத்தார். "ஆ!" என்று துள்ளிப் போனை விழுத்திவிட்டான். இரண்டு கிழவிகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நிமிடம் அவனும் தரையில் குந்தி ஒரு கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான், தங்கையின் கை பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று ஓரக்கண்ணால் பார்த்தபடி.